நடக்குமா?

அந்த வீடியோ ஒரே வாரத்தில் நான்கு பேரிடமிருந்து எனக்கு வந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை. இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார் பொருத்திய ஒரு சட்டகத்துக்குள் நிற்கிறாள். யாரோ பொத்தானை அமுக்க, கால்கள் மாறி மாறி முன்னே போகின்றன. பின்னணியில் பியானோ. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். அதன் கீழே தமிழில் யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள்: இனி எந்தக் குழந்தையும் சக்கர நாற்காலியில் முடங்க வேண்டியதில்லை.

முதல் மூன்று பேருக்குக் கைகூப்பும் பொம்மை போட்டு விட்டுவிட்டேன். நான்காவதாக அனுப்பியது பூம்பாறையில் இருக்கும் என் தங்கை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணே, இது நம்ம தம்பிக்கு நடக்குமா?"

தமிழில் இது ஒரு வம்பு பிடித்த வினைச்சொல். கல்யாணம் நடக்கும், திருவிழா நடக்கும், குடும்பத்தை நடத்துவோம், கடையை நடத்துவோம். எல்லாமே நம் மொழியில் காலால்தான் போகிறது. காரியம் கூடிவருமா என்று கேட்கவும் பிள்ளை எழுந்து நடப்பானா என்று கேட்கவும் நமக்கு ஒரே சொல்தான். அவள் எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அவள் மகனுக்கு எட்டு வயது. மூளை முடக்குவாதம். டாக்டர்கள் சி.பி. என்பார்கள். இரண்டு கால்களிலும் இறுக்கம். இடது கை நன்றாக வேலை செய்யும், வலது கை பாதி. பேச்சு மெதுவாக வரும், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். முதுகுக்கு அணைவு கொடுத்தால் உட்காருவான். நிற்க வைத்தால், பிடித்திருக்கும் வரை நிற்பான். நான் மருத்துவர் இல்லை. படிப்பதைக் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். அந்த வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் சொல்ல எனக்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரக் குறிப்புகள்தான் இவை.

முதலில் கருவியைப் பற்றி. "ரோபோ நடைக்கருவி" என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சாமான்கள் இருக்கின்றன. செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று ஆஸ்பத்திரியில் நிலையாக நிற்பது. சுவிட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனத்தின் லோகோமேட் இந்த வகையில் மூத்தது. மேலே தூக்குக் கச்சை உடல் எடையின் ஒரு பகுதியைத் தாங்கும். கீழே ட்ரெட்மில் ஓடும். இரண்டு பக்கமும் உள்ள இயந்திரக் கால்கள் இடுப்பையும் முழங்காலையும் மடக்கி நீட்டும். கணுக்காலுக்கு மோட்டார் கிடையாது, பாதம் தொங்காமல் இருக்கப் பட்டை போட்டுத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். குழந்தைகளுக்கான இயந்திரக் கால் தொடை எலும்பின் நீளம் 21 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் பொருந்தும். கேரளத்தில் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் இதே பாணியில் ஜி-கெய்ட்டர் என்று ஒன்றைச் செய்து, திருவனந்தபுரம் அரசுப் பொது மருத்துவமனை வரை கொண்டுபோயிருக்கிறது. சாக்கடைக்குள் மனிதன் இறங்காமலிருக்க பாண்டிகூட் ரோபோவைச் செய்த அதே நிறுவனம்தான். அதனால் எனக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வகை, வீட்டுக்குள் நகர்கிறது. அந்த வீடியோவில் இருந்தது இந்த வகை. கனடாவின் ட்ரெக்ஸோ இதில் பேர்போனது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த மன்மீத் மக்குவும் ராகுல் உதாசியும் தொடங்கியது. மக்குவின் குடும்பத்துக் குழந்தை ஒன்றுக்கு மூளை முடக்குவாதம் இருந்ததுதான் தொடக்கம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே சந்தையில் உள்ள நான்கு சக்கரச் சட்டகம் ஒன்றின் மேல் மோட்டார் கால்களை மாட்டியிருக்கிறார்கள். வேகமும் விசையும் டேப்லெட்டில் கட்டுப்படும்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நடைவண்டி. பழனி அடிவாரத்துக் கடைகளில் மஞ்சளும் சிவப்பும் பூசித் தொங்குமே, மூன்று மரச் சக்கரம், ஒரு குறுக்குக் கட்டை, அதேதான். ஆனால் ஒரு வித்தியாசம். நடைவண்டியில் பிள்ளை தள்ளினால்தான் வண்டி போகும். இதில் வண்டி போனால்தான் பிள்ளை போகிறான்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றித்தான் தங்களுக்குள் வெகுகாலமாக விவாதிக்கிறார்கள். இயந்திரம் காலைச் சரியான பாதையில் முழுக்க இழுத்துப் போனால், மூளை சும்மா இருந்துவிடும். உழைக்க வேண்டிய தேவை இல்லை என்றால் நரம்புமண்டலம் சோம்பும். ஆகவே 'எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் உதவு' என்று மென்பொருளை மாற்றினார்கள். இப்போதைய கருவிகளில் உதவியைக் குறைக்கும் வசதி இருக்கிறது. வசதி இருக்கிறது என்பதால் அதை யாராவது திருகிக் குறைக்கிறார்களா என்பது வேறு கேள்வி. வீடியோ எடுக்கிற அன்று நிச்சயம் குறைக்க மாட்டார்கள்.

சரி, பலன் என்ன? இங்கே ஒரு அளவுகோலைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. 1997-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, சி.பி. குழந்தைகளின் அசைவுத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. முதல் நிலைக் குழந்தை ஓடும், தடுமாறும். இரண்டாம் நிலை நடக்கும், படியில் கைப்பிடி தேடும். மூன்றாம் நிலைக்கு வாக்கரோ கோலோ வேண்டும். நான்காம் நிலைக்குப் பெரும்பாலும் சக்கரம் வேண்டும். ஐந்தாம் நிலையில் தலை நிற்பதே பாடு. என் தங்கை மகன் நான்கு.

இந்த எண் எந்த வீடியோவிலும் இருக்காது. என் முதல் குறையே அதுதான். இரண்டாம் நிலைக் குழந்தை ஒன்று கருவியில் இருபது நாள் பயிற்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால், அதைப் பார்த்து நான்காம் நிலைக் குழந்தையின் தாய் நகையை அடகு வைக்கிறாள். மியூனிக் குழு ஒன்று 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இயந்திரப் பயிற்சியில் அதிகம் முன்னேறியவர்கள் முதல் இரண்டு நிலைக் குழந்தைகள்தான். மூன்று, நான்கில் பலன் குறைவு. அதாவது யாருக்கு மிகவும் தேவை என்று நாம் நினைக்கிறோமோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது.

சுவிட்சர்லாந்திலேயே, லோகோமேட்டின் சொந்த ஊரிலேயே, குழந்தைகள் மறுவாழ்வு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2020-இல் வந்தன. ஐந்து வாரம், வாரம் மூன்று முறை. கருவி இருந்த ஐந்து வாரத்தையும் இல்லாத ஐந்து வாரத்தையும் ஒப்பிட்டார்கள். நடை, ஓட்டம் சார்ந்த அளவீட்டில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குழந்தைகள் 16 பேர்தான், ஆகவே இதை வைத்து 'கருவி வீண்' என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 'கருவி நடக்க வைக்கும்' என்றும் எழுத முடியாது, இல்லையா?

இன்னொரு எண் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. பீட்டர் ரோசன்பாம் குழு கனடாவின் ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து 2002-இல் வளர்ச்சிக் கோடுகளை வரைந்தது. நான்காம் நிலைக் குழந்தை தன் அசைவுத் திறனின் 90 சதவீதத்தைச் சராசரியாக மூன்றரை வயதில் எட்டிவிடுகிறது. சராசரிதான், ஒவ்வொரு பிள்ளைக்கும் விதி அல்ல. ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளையின் மாமன் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது, அது மூன்றரைக்குப் பிறகு கிட்டத்தட்ட மன்னவனூர் புல்வெளி மாதிரி சமமாகப் போவதைப் பார்க்கும்போது, என்ன செய்வான்? லேப்டாப்பை மூடினேன். மறுநாள் திறந்தேன்.

இத்தனையும் தெரிந்த பிறகும் நாங்கள் போனோம். சமவெளியில் ஒரு நகரத்து மையம், பெயர் வேண்டாம். முதல் சிட்டிங் இலவசம், பிறகு இருபது சிட்டிங்குக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. பூம்பாறையிலிருந்து விடியற்காலை கிளம்பினோம். கொடைக்கானல் வரை ஒரு மணி நேரம், அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலை இறக்கம். மலைப்பாதையில் சி.பி. பிள்ளையோடு போனவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் தலை ஒரு பக்கம் சாயும், அதைப் பிடிக்க ஒரு கை. வாந்திக்குக் கவர் பிடிக்க ஒரு கை. டம் டம் பாறை வருவதற்குள் இரண்டு கவர் முடிந்துவிட்டது.

அங்கே ஒரு பிசியோ பெண் பொறுமையாக அவன் கால் நீளம் அளந்தார். பட்டைகளைக் கட்டிப் பொருத்தவே இருபது நிமிஷம் ஆனது. எந்த விளம்பரத்திலும் இந்த இருபது நிமிஷம் வராது. யார் தூக்கி வைக்கிறார்கள், எத்தனை பேர் பிடிக்கிறார்கள், கச்சை எங்கே உரசுகிறது, எதுவும் வராது. நேராக 'முதல் அடி'க்கு வெட்டிவிடுவார்கள். பிறகு இயந்திரம் ஓடியது. அவன் சிரித்தான். பொய் சொல்ல மாட்டேன், நானும் கண்ணைத் துடைத்தேன். எட்டு வருஷத்தில் அவன் முகத்தை என் நெஞ்சு உயரத்தில், யாரும் பிடிக்காமல், அசைந்து வருவதாக நான் பார்த்ததே இல்லை. அவன் அப்பா, என் மாப்பிள்ளை, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பும்போது டீக்கடையில் கேட்டேன், "எப்படிடா இருந்துச்சு?"

"சூப்பர் மாமா."

"நடந்தியா?"

யோசித்தான். "அந்த அக்காதான் ஓட்டுனாங்க."

பஸ்ஸில் போன மாதிரிச் சொன்னான். பிறகு, நிறுத்துகிற சுவிட்சைத் தன்னிடம் தருவார்களா என்று கேட்டான். நடுவில் கண்ணாடி ஜன்னல் பக்கம் ஒரு பூனை போயிற்றாம், நின்று பார்க்க நினைத்தானாம், கால் நிற்கவில்லையாம்.

ஆய்வுக் கட்டுரைகள் ஒரு பக்கம், இந்தப் பூனை ஒரு பக்கம். நடப்பது என்றால் காலை மாற்றி மாற்றி வைப்பது அல்ல. வேண்டிய இடத்துக்குப் போவது, வேண்டாதபோது நிற்பது. பிரிட்டனின் சமூகவியலாளர் மைக் ஆலிவர் 1993-இல் கிரீனிச் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய தொடக்க உரையின் தலைப்பே 'நடப்பதில் அப்படி என்ன அற்புதம்?' என்ற பொருளில் அமைந்தது. அவரே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அந்த உரையைப் படித்தபோது முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. லண்டனில் சாய்தளம் இருக்கிறது, சொல்லலாம், பூம்பாறையில் வந்து சொல்லிப் பாருங்கள் என்று தோன்றியது. ஆனால் பழனியை நினைத்துப் பார்த்தேன். மலையேற முடியாதவர்களை அங்கே யாரும் காலுக்குப் பயிற்சி எடுத்து வா என்று திருப்பி அனுப்புவதில்லை. 1966-இல் விஞ்ச் வந்தது, 2004-இல் ரோப் கார் வந்தது. அதில் ஏறிப் போகிற பாட்டியிடம் 'நீ நடந்து வரவில்லையே' என்று முருகன் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் ஊர் நிலப்பரப்பை மறந்துவிட்டு இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. இவை எல்லாமே சமதளத்துக்கானவை. ட்ரெட்மில் வகைக்குக் கேள்வியே இல்லை. சக்கரச் சட்டக வகைக்கும் வழவழப்பான தரையும் அகலமான வாசலும் வேண்டும். சாய்தளத்துக்கு நூலில் சொல்லும் விகிதம் பன்னிரண்டுக்கு ஒன்று: ஓரடி ஏற பன்னிரண்டு அடி நீளம். பூம்பாறையில் வீடுகள் பூண்டுப் பாத்திகளைப் போலவே அடுக்கடுக்காக இருக்கின்றன. தங்கை வீட்டிலிருந்து தெருவுக்கு வர பதினோரு படி. அதே விகிதப்படி அதற்குச் சாய்தளம் கட்டினால் பக்கத்து வீட்டு அடுப்படியில் போய் முடியும். வெள்ளகவி போன்ற ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த கதைகளைச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

கருவிக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கையால் தாங்கி ஒரு பிள்ளையை நடக்கவைக்க இரண்டு மூன்று பிசியோக்கள் வேண்டும், பத்து நிமிஷத்தில் அவர்கள் முதுகு போய்விடும். இயந்திரத்துக்கு முதுகு வலிக்காது, ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான அடிகளைத் தரும். இரண்டு, மூன்றாம் நிலைப் பிள்ளைக்கு, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களில், அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இருந்தால் பயன்படுத்திக்கொள்ளச் சொல்வேன். நிமிர்ந்து நிற்பதில் மகிழ்ச்சியும் இருக்கிறது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல நான் தயாரில்லை. என் சண்டை கருவியோடு அல்ல, அதைச் சுற்றிப் பின்னப்பட்ட வாக்குறுதியோடுதான்.

அந்த வாக்குறுதியின் வெளிச்சத்தில் வேறு என்னென்ன இருட்டில் போகிறது என்பது எனக்கு நாலாவது வாரத்தில்தான் தெரிந்தது. தற்செயலாக. இடுப்பு மூட்டு. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட கணக்கு இது: சி.பி. குழந்தைகளில் இடுப்பு மூட்டு கிண்ணத்திலிருந்து விலகுவது முதல் நிலையில் யாருக்கும் இல்லை. மூன்றாம் நிலையில் 41 சதவீதம், நான்காம் நிலையில் 69 சதவீதம், ஐந்தாம் நிலையில் 90. மெதுவாக, வலியே இல்லாமல் விலகும். வலி வரும்போது காலம் கடந்திருக்கும். பிள்ளை உட்காருவதே வேதனையாகும். கண்டுபிடிக்க என்ன வேண்டும்? குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு இடுப்பு எக்ஸ்ரே. சில நூறு ரூபாய்.

தங்கைக்குப் போன் போட்டேன். "தம்பிக்கு இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கியா?"

"எதுக்குண்ணே? கீழ விழவே இல்லையே."

எட்டு வருஷம். எத்தனையோ டாக்டர், எத்தனையோ எண்ணெய், இரண்டு வேண்டுதல், குழந்தை வேலப்பருக்கு ஒரு மொட்டை. ஒரு எக்ஸ்ரே இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அந்த எட்டு வருஷமும் இங்கேதான் இருந்தேன், எக்ஸோஸ்கெலிட்டன் பற்றியெல்லாம் உற்சாகமாகப் படித்துக்கொண்டு.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. அவர்களுடைய முறை நேர்மாறானது. குழந்தையை இயந்திரத்திடம் கொண்டுபோவதில்லை. பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர் வீட்டுக்கு வருகிறார். அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கிறார். என்ன செய்தார், என்ன மாறியது என்பது ஒரு செயலியில் பதிவாகிறது, தூரத்தில் இருக்கும் நிபுணர் அதைப் பார்க்கிறார். இதிலும் தொழில்நுட்பம் இருக்கிறது, ஆனால் யாரும் வாயைப் பொத்தி அழும்படி வீடியோ எடுக்க இதில் ஒன்றுமில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் குழுவும் கவனிக்க வேண்டியது. 2019-இல் எழுந்து நிற்கவைக்கும் சக்கர நாற்காலி 'அரைஸ்', 2020-இல் கரடுமுரடான சாலையில் மோட்டாரோடு ஓடும் 'நியோபோல்ட்'. இரண்டும் பெரியவர்களை மனதில் வைத்துச் செய்தவை. ஆனால் இரண்டிலும் ஓட்டுகிற கை, உட்கார்ந்திருப்பவருடைய கை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் காலோவே இன்னும் எளிதாக யோசித்தார். கடையில் விற்கும் பேட்டரி பொம்மைக் காரில் பெரிய பொத்தானை மாட்டி, நடக்க முடியாத சின்னக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டார். பூனை போனால் நிறுத்திக்கொள்ளலாம்.

1987-இல் டேவிட் வெர்னர் எழுதிய 'டிசேபிள்டு வில்லேஜ் சில்ட்ரன்' புத்தகத்தையும் சொல்ல வேண்டும். மெக்சிகோ மலைக் கிராமம் ஒன்றில் பிறந்த புத்தகம். கம்பையும் கயிற்றையும் வைத்து நடைபயிலும் சட்டம் செய்வது எப்படி என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருக்கிறார். மலைக்காரனுக்கு மலைக்காரன் சொல்கிற மாதிரி இருந்தது. சில இடங்களில் மருத்துவம் பழசாகிவிட்டது, தச்சு வேலை பழசாகவில்லை.

ஏழாவது வாரம் பூம்பாறைக்குப் போய் நேரில் சொன்னேன். அவள் பூண்டு கட்டிக்கொண்டிருந்தாள். இந்த மிஷினால் அவன் தனியாக நடக்க மாட்டான், எனக்குத் தெரிந்தவரை, என்றேன். கட்டிய பூண்டைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அப்ப அந்தக் காசை என்னண்ணே செய்ய?"

அதற்கு மட்டும் நான் பதில் வைத்திருந்தேன். முதலில் எக்ஸ்ரே. பிறகு அவன் உடம்பு அளவுக்குச் செய்த நாற்காலி, அதைப் பொருத்தத் தெரிந்தவர் யாரென்று விசாரித்தாகிவிட்டது. பள்ளிக்குப் போகிற வழியில் இருக்கும் படிகளைப் பற்றி ஊராட்சியில் மாப்பிள்ளை பேசுவார். வட்டார வள மையத்துக்கு பிசியோ வரும் நாட்களைத் தங்கை இதுவரை பாதிதான் பயன்படுத்தியிருக்கிறாள், பஸ் நேரம் ஒத்துவராததால். அந்த நாட்களுக்கு ஆட்டோ.

திண்ணையில் இணைகம்பி ஒன்று போட்டோம், சவுக்குக் கம்பில். (மலைக்கு ஆகாத மரம் என்று நானே திட்டி எழுதிய அதே சவுக்கு.) தினமும் அதில் இருபது நிமிஷம் நிற்கிறான், கணுக்கால் ஸ்பிளின்ட் போட்டு, அப்பா பின்னால் பிடித்துக்கொள்ள. தெருவில் போகிறவர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

எக்ஸ்ரே போன புதன்கிழமை எடுத்தோம். வலது இடுப்பு கொஞ்சம் விலகியிருக்கிறது. கொஞ்சம்தான், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் எலும்பு டாக்டர். தங்கை அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எது இடது, எது வலது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள்.